கோடியக்கரையில் இறங்காதீர்கள்

அக்டோபர் 3, 2084. காலை 8:00
கோடியக்கரை காட்டாய்வு நிலையம். எழுதுவது செண்பகவல்லி. இங்கே நான் ஒருத்திதான். யாரும் நடாமல் தானாக முளைத்துப் பரவும் காடு இந்தியாவில் எவ்வளவு, இலங்கையில் எவ்வளவு என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து ஒப்பிடுவது என் வேலை. ஐம்பது ஆண்டுகளாக வரைபடத்தில் இரண்டு நாட்டுக் கோடுகளும் மெல்ல ஏறி இறங்கி வந்திருக்கின்றன. இந்த வாரம் இலங்கைக் கோடு செங்குத்தாக நிற்கிறது. கருவிக் கோளாறாக இருக்கலாம். அக்கரையில் இதே வேலை பார்க்கும் நகுலேசனிடம் கேட்டிருக்கிறேன்.

மாலை 4:20
வானொலியில் நகுலேசன்:
"அக்கா, கருவியில பிழையில்லை. சந்தையடி முழுக்கக் காடுதான். நேற்று முளைச்சது இண்டைக்குக் கூரைக்கு மேல நிக்குது. சனம் கடற்கரைக்கு ஓடுது."
எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறவன். இன்று சிரிக்கவில்லை.

அக்டோபர் 5. காலை 9:10
திருச்சித் தலைமையகத்திலிருந்து தகவல். தரிசு நிலத்தைச் சீக்கிரம் காடாக்க ஏதோ ஒரு நிறுவனம் மண்ணில் தெளித்த நுண்ணுயிராம். மண்ணில் கிடக்கும் எந்த விதையையும் அது ஒரே நாளில் மரமாக்கிவிடும். துணி, தோல், தண்ணீர் எல்லாவற்றிலும் ஒட்டிவரும். உத்தரவு: கடல்வழியாக வரும் யாரையும் கரையேற்றக் கூடாது.

நண்பகல்
நகுலேசன்:
"அக்கா, என்ர மகள் ஆரணியைப் படகில ஏத்தி விட்டிட்டன். ஏழு வயசுப் பிள்ளை. திருப்பி அனுப்பிப் போடாதேங்கோ. நான் வரேலாது. வேர் காலைச் சுத்திட்டுது. வெட்ட வெட்ட வருது."
"தம்பி, எப்படியாவது வந்துரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மரம் நெரியும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

அக்டோபர் 6. காலை 7:30
படகு வந்தது. ஓட்டி வந்தவர் பிள்ளையைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, "எனக்கும் அங்க பிள்ளையள் இருக்கினம்" என்று கத்திவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். போகச் சொல்லி எச்சரிக்க ஒலிபெருக்கியைக் கையில் எடுத்திருந்தேன். ஆரணி மார்பளவு தண்ணீரில் நின்று அழுதாள். இறங்கிப் போய்த் தூக்கி வந்தேன்.
அவள் உடைகளை எரித்தேன். இரண்டு முறை குளிப்பாட்டினேன். நகங்களை ஒட்ட வெட்டினேன். அவளை இங்கிருந்து கொண்டுபோக, எனக்குக் காய்ச்சல் என்று சொல்லித் தலைமையகத்தில் ஹெலிகாப்டர் கேட்டேன். பிள்ளையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அக்டோபர் 7. காலை 6:00
ஆரணி என்னை உலுக்கி எழுப்பினாள்.
"மாமி, எங்கட ஊர் மரம் இங்கயும் வந்திட்டுது."
குளியலறைத் தண்ணீர் வெளியே பாயும் இடம். நேற்று வெறும் மணல். இப்போது என் தோள் உயரத்துக்கு நாவலும் புன்னையும், எனக்குப் பெயர் தெரியாத செடிகளும். இலைகள் அசைகின்றன. காற்றே இல்லை.

8:15
ஹெலிகாப்டரைத் தடுக்க வேண்டும். அதன் சக்கரத்தில் ஒரு பிடி மண் ஒட்டினாலும் போதும், திருச்சி போய்விடும். வானொலிக் கம்பம் சாய்ந்து கிடக்கிறது. அடியில் வேர். கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை. எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. இனிப் பேசிப் பதிகிறேன்.

10:40
சத்தம் கேட்கிறது. வந்துவிட்டார்கள். ஆரணியை உள்ளே விட்டுத் தாழ் போட்டேன். சிவப்பு வெளிச்சக் குச்சியைக் கொளுத்தி, வராதே வராதே என்று ஆட்டுகிறேன். மேலிருந்து ஒலிபெருக்கி:
"பாத்துட்டோம் மேடம். பயப்படாதீங்க. வெளிச்சம் காட்டுற இடத்துலயே இறங்குறோம்."
இல்லை. இல்லை. கத்துகிறேன், கேட்கவில்லை. இறக்கைக் காற்றில் மணல், இலை, விதை எல்லாம் அவர்கள் மேலேயே பறக்கிறது.

10:44
வேர் நெம்பி அறைக் கதவு பிளந்துவிட்டது. ஆரணி அவர்களைப் பார்த்து ஓடுகிறாள். என்னைத் தாண்டித்தான் ஓடினாள். பிடித்திருக்கலாம். என் கை நீளவில்லை. தூக்கி ஏற்றிவிட்டார்கள். எனக்கும் கை நீட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள். ஏறினால் இவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும், சொன்னால் அந்தப் பிள்ளையை இங்கேயே இறக்கிவிடுவார்கள்.

ஏறாமல் இந்தப் பதிவுக் கருவியை மட்டும் உள்ளே வீசுகிறேன். திருச்சியில் யாராவது இதைக் கேட்டால், உடனே