எண்ணூற்று நாற்பது போர்வைகள்

மார்ச் 6

அன்புச் சில்வண்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். நீ போன பிறகு வீட்டில் பேச்சுச் சத்தம் பாதியாகிவிட்டது. மீதிப் பாதியும் நின்றால் நிம்மதி என்று அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள். பயிற்சி முகாமில் கைபேசி கூடாது, கடிதத்தையும் ஓர் அதிகாரி படித்துவிட்டுத்தான் கொடுப்பார் என்று எழுதியிருந்தாய். ஐயா, உங்களுக்கும் என் வணக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றிவிட்டு வந்தவன் நான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

சலவைக்கூடம் எப்போதும்போல ஓடுகிறது. துறைமுக முகாமிலிருந்து விருந்தாளிகளின் உடுப்பு தினமும் இரண்டு வண்டி வருகிறது. முப்பது வருஷமாக நமக்குக் காவல் இருக்கும் வெளிநாட்டுப் பட்டாளத்தை இன்னும் விருந்தாளிகள் என்றுதான் கூப்பிடுகிறோம் பார், நம் ஊருக்கு மரியாதை அதிகம். ஒவ்வொருவர் காலருக்குள்ளும் சிவப்பு நூலில் ஓர் எண் தைக்கிறேன் அல்லவா, அந்தப் புண்ணியத்தில் இருபத்திரண்டு வருஷத்தில் தொலைந்தது ஒரே ஒரு காலுறை. அதுவும் இடது கால்.

போன வாரம் நகராட்சி மண்டபத்தில் கூட்டம். உன் கடலோரப் படையை நிரந்தரமாக்கி, வரி போட்டுக் கப்பல் வாங்குவதா, இல்லை விருந்தாளிகளையே நம்பியிருப்பதா என்று ஊரைக் கேட்கிறார்கள். நான் சும்மா இருப்பேனா? எழுந்து, “கைக்குட்டை அளவு நாடு நம்முது. நாம மூணு கப்பல் வாங்கினா அதைத் திருட்டுப்போகாம பாத்துக்க விருந்தாளிங்களைத்தான் கூப்பிடணும்” என்று சொன்னேன். மண்டபம் சிரித்து அடங்க நேரமாயிற்று. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வரும் வழியெல்லாம் எனக்கு முன்னால் பத்தடி தள்ளியே நடந்தாள்.

கடைசியாக ஒரு துக்கச் செய்தி. நீ விட்டுப்போன படிவம், ஒரே பிள்ளை என்றால் அப்பா அம்மா இரண்டு பேரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டுமே, அது என் சட்டைப் பையில் இருந்து துவைபட்டுக் கூழாகிவிட்டது. ஊரார் பையை எல்லாம் தடவிப் பார்க்கிறவன் என் பையைப் பார்க்கவில்லை. சிரித்துக்கொள்.

உன் அப்பா


மார்ச் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

சிரிக்கவில்லை அப்பா. புதுப் படிவம் இதோடு வைத்திருக்கிறேன். ஜூன் 15-க்குள் வரவில்லை என்றால் எனக்கு உடுப்பு கிடையாது, பெட்டியோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அம்மா முதல் படிவத்தில் நான் கிளம்பிய அன்றே கையெழுத்துப் போட்டுவிட்டாள். இதையும் முதலில் அவளிடம் கொடுங்கள். உங்கள் பைக்குள் மட்டும் வைக்காதீர்கள்.

கூட்டத்தில் நீங்கள் பேசியது இங்கே வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் இருக்கும் மின்வேலைப் பயிற்சிக்காரி உங்கள் குரலிலேயே பேசிக்காட்டினாள், கைக்குட்டை அளவு நாடு என்று. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஒன்று சொல்கிறேன், அதிகாரி அனுமதித்தால் உங்களுக்கு வந்து சேரும். செவ்வாய்க்கிழமை ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்தது, ஆறு பேர். விருந்தாளிகளின் கப்பல் பக்கத்தில்தான் நின்றது. ஆனால் நகர வேண்டுமானால் அவர்கள் தலைநகரில் கேட்க வேண்டுமாம். அங்கே அப்போது சாப்பாட்டு நேரம். நாங்கள் எங்கள் ஓட்டைப் படகில் போய் ஆறு பேரையும் தூக்கினோம். நான் தூக்கியவர் உங்கள் வயது. என் கையை விடவே இல்லை.

முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்களே கண்டுபிடிப்பீர்கள். திரும்பும்போது எங்கள் எஞ்சின் நின்றுவிட்டது. அதற்குள் அனுமதி வந்து, விருந்தாளிகள்தான் எங்களையும் கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்கள். அவர்கள் வேண்டாம் என்று நான் எப்போதும் சொன்னதில்லை. அவர்கள் வந்து சேரும்வரை தண்ணீரில் இருப்பவனை யார் பிடிப்பது என்றுதான் கேட்கிறேன்.

கையெழுத்துப் போடுங்கள் அப்பா.

சில்வண்டு


ஏப்ரல் 12

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை அம்மா நாலு முறை படித்தாள். எஞ்சின் நின்ற இடத்தை நான் நாலு முறை படித்தேன். எஞ்சின் நிற்கிற படகில்தான் என் பிள்ளையை ஏற்றுவார்களா? ஐயா, இதை நீங்களும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

படிவம் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அம்மா கையெழுத்துப் போட்டு, பக்கத்திலேயே பேனாவையும் வைத்திருக்கிறாள். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு வேறு வேலை வந்துவிடுகிறது. யோசிக்கிறேன், அவசரப்படுத்தாதே. கப்பலுக்குப் போகிற காசில் நம் ஆஸ்பத்திரிக்கு இன்னொரு மாடி எழுப்பலாம். அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோது அவளை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பாய் போட்டுப் படுக்க வைத்தோமே, மறந்துவிட்டாயா? நான் கேட்கிறதும் நியாயம்தான்.

இந்த வாரம் எனக்கும் முதுகு முறிந்துவிட்டது. முகாமிலிருந்து எண்ணூற்று நாற்பது போர்வைகள் ஒரே தடவையில் வந்து இறங்கின. எப்போதும் வாரத்துக்கு நாற்பது, ஐம்பதுதான் வரும். ஒரு பிரிவு ஊர் திரும்பும்போது மட்டும் அவர்கள் போர்வை மொத்தமாக வரும், துவைத்து எண்ணி ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது அவர்கள் சட்டம். அப்போது புதிதாக வருகிறவர்களுக்கு மெத்தை விரிப்பு தயார் செய் என்று சீட்டும் கூடவே வரும். இந்தத் தடவை சீட்டு வரவில்லை. மறந்துவிட்டார்கள்போல. காயப்போட இடமில்லாமல் மொட்டை மாடி, சந்து, பக்கத்துத் தையற்கடைக்காரர் வேலி வரை விரித்திருக்கிறேன். தெருவே ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. பார், நான் கேட்ட மாடி கிடைத்துவிட்டது.

சாப்பிடு. நன்றாகத் தூங்கு.

உன் அப்பா


ஏப்ரல் 29

அப்பா,

உங்கள் கடிதத்தில் ஆஸ்பத்திரிக்குப் பிறகு வந்த பத்தி ஏறக்குறைய முழுக்கக் கறுப்பு மை. “முதுகு முறிந்துவிட்டது” என்பதற்கும் “தெருவே ஆஸ்பத்திரி” என்பதற்கும் நடுவில் ஒரு எழுத்துகூட இல்லை. படித்துவிட்டு ஒரு மணி நேரம் செத்துப் பிழைத்தேன். விபத்தா? யாருக்கு என்ன ஆயிற்று என்று தவித்தேன்.

அதற்குள் தளபதி அறைக்கு வரச்சொன்னார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், மேசையில் உங்கள் கடிதத்தின் கறுப்படிக்காத நகல். நீங்கள் எண்களில் தவறு செய்கிறவரா என்று கேட்டார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு காலுறை என்றேன். தளபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “உண்மையைச் சொல்லும்மா. உங்கப்பா வேவு பாக்கிறாரா?”

“இல்லைங்கய்யா. துணி வெளுக்கிறார்.”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் தளபதி, அந்த நகலை உடனே நம் தலைநகருக்கு அனுப்பச் சொன்னார். எனக்குத் தேநீர் வந்தது. இங்கே பயிற்சிக்காரர்களுக்குத் தேநீர் தருகிற வழக்கம் கிடையாது.

நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று கேட்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் கேட்கவில்லை. அதைத் திரும்ப எழுதவும் வேண்டாம்.

ஜூன் 15, அப்பா. அதைக் கறுப்படிக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சில்வண்டு


மே 27

என் சில்வண்டுக்கு,

இனி இது ரகசியமில்லை, வானொலியிலேயே சொல்லிவிட்டார்கள். விருந்தாளிகள் கிளம்புகிறார்கள், செப்டம்பருக்குள் முழு முகாமும் காலி. என் முதுகை முறித்தது அந்தச் சங்கதிதான். மூட்டை மூட்டையாகத் துவைத்த எனக்கு அது விளங்கவில்லை. கறுப்பு மை பூசிய ஐயாவுக்குப் பார்த்த உடனே விளங்கிவிட்டது. எட்டாம் வகுப்பு என்று முன்பே சொல்லியிருக்கிறேன் அல்லவா.

முகாமின் பண்டகசாலைக்காரர் போன சனிக்கிழமை விடைபெற வந்தார். பதினோரு வருஷப் பழக்கம், நம் பேச்சை நம்மைவிட நன்றாகப் பேசுவார். எங்கள் மேல் என்ன கோபம் என்று கேட்டேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

“கோபமெல்லாம் இல்லைங்க. எங்க நாட்டுல தேர்தல். வெளியில இருக்கிற முகாமை எல்லாம் குறைக்கணும்னு ஒரு பட்டியல் போட்டாங்க. உங்க பேரு அதுல இருந்துச்சு. உங்களைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசல. அதான் எனக்கு வெக்கமா இருக்கு.”

கோபித்துக்கொண்டு போயிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும் கண்ணு. முப்பது வருஷம் பக்கத்திலேயே படுத்திருந்தோம், எழுந்து போகும்போது நம் பேச்சே வரவில்லையாம். ஆனாலும் நல்ல மனுஷர். ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது, ஆபத்து என்று கூப்பிட்டால் கப்பல் வரும், வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்றார். அவர் போன பிறகும் அந்த ஒரு வாரத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். விருந்தாளியைக் கதவைத் தட்டி எழுப்பலாம், தப்பில்லை. அவர் செருப்பு மாட்டி வருகிறவரை ஏழு நாள் நம்முடையது. அதை வேறு யாரிடம் கொடுப்பது?

இன்னொன்றும் சொன்னார். அறிவிப்புக்கு மூன்று வாரம் முன்பே நம் அரசாங்க ஆட்கள் போய், கிளம்பப் போகிறீர்களா என்று கேட்டுவிட்டார்களாம். மறுக்க முடியாமல், இரண்டு ரோந்துப் படகுகளையும் கூடவே நல்ல எஞ்சின்களையும் விட்டுவிட்டுப் போகச் சம்மதித்திருக்கிறார்களாம். எப்படித் தெரிந்தது என்று அவர்கள் பெரியவர்களுக்கு இன்னும் புரியவில்லையாம். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடித்தேன்.

நேற்று மண்டபத்தில் மறுபடியும் கூட்டம். போன தடவை உளறியதை வாபஸ் வாங்குகிறேன் என்றேன். தையற்கடைக்காரர், “பொழப்பு போனதும் புத்தி வந்துச்சா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? ஆஸ்பத்திரி மாடியையும் விடக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். இரண்டுக்கும் வரி கட்டத்தான் வேண்டும், என் தலையில் முதலில் போடுங்கள் என்றேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அம்மா என் பக்கத்திலேயே நடந்து வந்தாள்.

இப்போது ஒரு விஷயம். எழுதி எழுதிக் கிழித்த விஷயம். முதல் படிவம் தெரியாமல் துவைபடவில்லை. தொட்டியில் போடும்போது வழக்கம்போலப் பையைத் தடவினேன். என்ன காகிதம் என்று கைக்குத் தெரிந்துவிட்டது. மூடியை மூடிவிட்டேன். கப்பல், வரி, கைக்குட்டை என்று மண்டபத்தில் பேசியதெல்லாம் அதற்குப் பிறகு தேடிப்பிடித்தது. என் பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கம் விட மனசில்லை, அவ்வளவுதான். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் வந்து நமக்குக் காவல் நிற்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அவர்கள் காலரில் இருபத்திரண்டு வருஷம் எண் தைத்தேனே, ஒவ்வொரு எண்ணுக்கும் எங்கேயோ ஓர் அப்பன் இருப்பான் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். “எனக்கு அன்னிக்கே தெரியும்” என்றாள். தெரிந்தும் ஏன் சும்மா இருந்தாய் என்றேன். நீங்களே வந்து சொல்வீர்கள் என்று இருந்தேன் என்றாள்.

படிவம் இதோடு வருகிறது. என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கிறது, யாராவது கேட்டால் அப்பா எழுத்தே அப்படித்தான் என்று சொல்லிவிடு. தபாலை நம்பாமல் நானே பேருந்தில் வந்து உன் பயிற்சி முகாம் வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறேன். உன்னைப் பார்க்க விட மாட்டார்களாம், பரவாயில்லை. மதிலைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

உறைக்குள் ஒரு சின்ன வெள்ளைத் துண்டு இருக்கும். அதில் சிவப்பு நூலில் 1 என்று தைத்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் அந்த எண்ணை யாருக்கும் கொடுத்ததில்லை, ஏனென்று எனக்கும் தெரியாது. உடுப்பு கொடுத்ததும் காலருக்குள் வைத்துத் தைத்துக்கொள். என் குறி போட்டது எங்கே போனாலும் வீடு திரும்பிவிடும். அந்த இடது காலுறையில் குறி போட மறந்துவிட்டேன், அதனால்தான் தொலைந்தது.

ஐயா, கடிதம் படிக்கிறவரே. மேலே எதை வேண்டுமானாலும் கறுப்படித்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டுத் துணியை மட்டும் அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.

உன் அப்பா