கூடாரத்தில் காயாத பசை

அன்புத் தம்பிக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை.

கூடாரம் ஒழுகுகிறது என்று நீ அனுப்பிய பசைக் குழாய்கள் வந்து சேர்ந்தன. நீ சொன்னபடியே தையல் ஓரத்தையெல்லாம் துடைத்து, மெல்லிசாகத் தடவி, காயட்டும் என்று விட்டோம். எங்கே காய்கிறது? வீடு இடிந்து இந்த மைதானத்துக் கூடாரத்துக்கு வந்ததிலிருந்து காற்றே பிழியாத துணி மாதிரிதான் இருக்கிறது, உள்ளே மூச்சு விட்டாலே கூரை வேர்க்கிறது. பசை இன்னும் பிசுபிசு என்றுதான் நிற்கிறது. கொசு ஒட்டி, தூசி ஒட்டி, கடைசியில் உன் அப்பாவின் தலைமுடியும் ஒட்டிக்கொள்ள, நான் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். அப்போது மட்டும் இரண்டு பேரும் சிரித்தோம். நேற்றைய மழையில் பாதிப் பசை வெளுத்து வழிந்துவிட்டது.

உன்னிடம் அப்பா ஒன்றை மறைத்திருக்கிறார். இந்தக் கூடாரம் முதலில் ஒழுகவே இல்லை. இடிபாட்டிலிருந்து மிஞ்சியது அவருடைய தையல் மெஷின்தான், அது பக்கத்தில் இருக்கும்போது அவர் கை சும்மா இருக்குமா? ஒற்றைத் தையல்தான் போட்டிருக்கிறான், காற்றடித்தால் பிரிந்துவிடும் என்றார். உள்பக்கம் தையல் மேல் ஒட்டியிருந்த நாடாவை, மட்டமான வேலையை மறைக்க ஒட்டியது என்று உரித்துப் போட்டார். பிறகு ஜீன்ஸ் தைக்கிற தடி ஊசியை மாட்டி எல்லா ஓரத்திலும் இரட்டைத் தையல் ஓட்டினார். பார்க்க அவ்வளவு அழகு. பக்கத்துக் கூடாரத்து லாரிக்காரர் தனக்கும் போட்டுத் தரச் சொன்னார், நல்லவேளை, நூல் தீர்ந்துவிட்டது. அடுத்த மழையில் ஊசி இறங்கிய இடமெல்லாம் தண்ணீர் இறங்கியது. தண்ணீரைத் தடுக்கத்தான் அந்த நாடாவை ஒட்டியிருந்தார்கள் என்று அப்புறம்தான் புரிந்தது. தெருவில் பாதிப் பேருக்குச் சட்டை தைத்த மனிதர், "என் கையாலயே ஓட்டை போட்டுட்டேனே" என்று முகத்தை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு மெஷினைத் தொடவில்லை.

வேறு கூடாரம் கேட்டேன். முகாம் பொறுப்பாளர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, நல்லதைக் கொடுத்தோம், நீங்களே கெடுத்துக்கொண்டீர்கள், வேறு கைவசம் இல்லை என்றார். அவர் மேலும் தப்பில்லை. அப்பாவுக்கு இருமல் நெஞ்சில் இறங்கிவிட்டது. ஈரம் படாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போகிறாள், எங்கே வைத்துக்கொள்வது என்று சொல்லவில்லை. மேலே பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டால் அடியில் வேர்த்துக் கொட்டுகிறது. காய்ந்த மூலை ஒன்றுதான் மிச்சம், ஓர் ஆள் முடங்கும் அளவு. அதில் அவரைப் படுக்க வைத்துவிட்டு நான் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறேன். இது சரியாகும் என்று எனக்குத் தோன்றவில்லை தம்பி, உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

லீவு போட்டுவிட்டு வந்து நானே தடவிப் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். வேளைக்குச் சாப்பிடு, கண்விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. அப்பாவிடம் பேசும்போது கூடாரப் பேச்சை எடுக்காதே. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு, அதுதான் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். உன்னைப் பார்க்க மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது, இருந்தாலும் பெற்றவளே சொல்கிறேன், இப்போது வராதே. நீ வந்தால் அவர் அந்த மூலையை உனக்குக் கொடுத்துவிடுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா