இரண்டாயிரம் கரடிகள்

9 ஜனவரி 1996

அன்புள்ள கடைக்காரருக்கு,

இங்கே நான் நலம். அங்கே நலமா என்று கேட்டால் "கடை நல்லா ஓடுது" என்று பதில் எழுதுவீர்கள். நான் கடையை விசாரிக்கவில்லை, உங்களைத்தான் விசாரிக்கிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இருமுகிறீர்களே, டாக்டரிடம் போனீர்களா?

பதினைந்து நாள் நம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி இரண்டு வாரமாகிறது. அறையைத் திறந்தால், போகும்போது மடித்துப்போட்ட துண்டு மடித்தபடியே நாற்காலியில் கிடக்கிறது. யாரும் கலைக்காத வீட்டுக்குள் நுழைவது என்னவோபோல இருந்தது. வேண்டுமென்றே உதறி மறுபடி போட்டேன்.

தொழிற்சாலையில் வேலை பழையபடிதான். பொம்மைகளின் காலையும் கையையும் பிடித்து இழுப்பது, ரயிலை நூறு தடவை ஓடவிடுவது, கிலுகிலுப்பையைத் தரையில் போட்டுப் பார்ப்பது. "துணிக் கம்பெனியில் தையல் சரியா என்று பார்த்தவள்தானே, ஆறு மாசம் அங்கே இருந்து சரக்கைப் பார்த்து அனுப்பு" என்று நீங்கள் விமானம் ஏற்றிவிட்டீர்கள். ஆறு மாதம் மூன்று வருடமாகிவிட்டது. இந்த ஊர் மொழியில் எனக்குத் தடங்கல் இல்லாமல் வருவது "இது சரியில்லை, திரும்பச் செய்யுங்கள்" என்பது ஒன்றுதான். போன வாரம் பக்கத்து அறைப் பெண் ஒரு கிண்ணம் சூப் கொண்டுவந்து கொடுத்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லத் தெரியாமல் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

நேற்று ஒரு வேடிக்கை. மேற்பார்வையாளர் அம்மாள் "எத்தனை?" என்று கேட்டார். பெட்டிகளைக் கேட்கிறார் என்று நினைத்து நூற்றிருபது என்றேன். மேசையைச் சுற்றியிருந்த பெண்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிள்ளைகள் எத்தனை என்றுதான் கேட்டாராம். நானும் சேர்ந்து சிரித்தேன். இல்லை என்று சொல்ல அந்த நேரத்தில் வாய் வரவில்லை.

உங்கள்,
சோடாப்புட்டி


30 ஜனவரி 1996

அன்புள்ள சோடாப்புட்டிக்கு,

கடை நல்லா ஓடுது! நீயே எழுதிக் கொடுத்துவிட்டாய், நான் மாற்றுவானேன்?

சிரிப்பு இருக்கட்டும். ஊரே மாறிக்கொண்டிருக்கிறது. முன்பெல்லாம் பிறந்தநாளுக்கு ஒரு பொம்மை வாங்குவார்கள். இப்போது பிள்ளைக்குப் பல் விழுந்தால் பொம்மை, பல் முளைத்தால் பொம்மை. நேற்று ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்தார். "வாரம் பூரா வெளியூர்ல இருக்கேன் சார், பொண்ணு என்னைப் பார்த்தா ஓடி ஒளியுறா, ஏதாவது பெருசா குடுங்க" என்றார். பெரிய யானையைக் கொடுத்தேன். யானையைத் தூக்கிக்கொண்டு அவர் ஆட்டோவுக்குள் நுழைய முடியாமல் பட்ட பாட்டைத் தெருவே பார்த்தது.

எதிரே நாலு மாடியில் புதுக் கடை வருகிறது. நகரும் படிக்கட்டாம். பள்ளி விடுமுறைக்கு முன்னால் திறக்கிறார்கள். நம் கண்ணாடி அலமாரி நிறையச் சரக்கு இல்லையென்றால் நாம் போண்டி. நீ மாதிரிக்கு ஒன்று அனுப்பினாயே, தேன் நிறக் கரடி, அதைப் பார்த்தவர்களெல்லாம் எப்போது வரும் என்று கேட்கிறார்கள். மார்ச் கடைசிக்குள் இரண்டாயிரம் கரடி வந்து சேர வேண்டும். எப்படியாவது பார்.

கிடங்கு நிரம்பி வழிகிறது. வீட்டுக்கூடத்திலும் அட்டைப்பெட்டிகள்தான். கட்டிலில் உன் பக்கத்தில் இன்னும் மரக்குதிரைகள் படுத்திருக்கின்றன. உன்னைவிடக் குறைவாகத்தான் குறட்டை விடுகின்றன.

இந்த சீசன் முடியட்டும், நீ வந்துவிடலாம்.

உன்,
கடைக்காரன்


20 பிப்ரவரி 1996

அன்புள்ள கடைக்காரருக்கு,

கரடிகள் வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாதிரிக் கரடிக்குக் கண்ணின் பின்னால் ஒரு தண்டு இருந்தது. அதைத் துணிக்குள் நுழைத்து, உள்பக்கம் ஒரு வட்டத் தகட்டைப் போட்டு அழுத்தியிருந்தார்கள். பல்லால் கடித்து இழுத்தும் பார்த்தேன், வரவில்லை. இப்போது அடுக்கிவைத்திருக்கும் இரண்டாயிரத்தில் தகடும் இல்லை, தண்டும் இல்லை. வெறும் பசை. கட்டைவிரல் நகத்தால் நெம்பினேன், கடலைப் பருப்புபோல உருண்டு விழுந்தது.

மேற்பார்வையாளர் அம்மாளிடம் காட்டினேன். "நீ ரொம்ப பலமா இழுக்கிற" என்றார்.

"குழந்தை இதைவிட பலமா இழுக்கும்" என்றேன். எனக்குத் தெரிந்த சொற்களைக் கோத்து எப்படியோ சொல்லிவிட்டேன்.

"உனக்குத்தான் குழந்தை இல்லையே, உனக்கெப்படித் தெரியும்?"

கெட்ட மனதோடு கேட்டவரில்லை. சரக்கு வேண்டாம் என்று தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். திரும்பச் செய்ய இரண்டு மாதமாகுமாம். அலமாரியில் வேறு ஏதாவது வைத்துச் சமாளியுங்கள்.

இந்த சீசன் முடியட்டும் என்று நீங்கள் எழுதுவது இது ஆறாவது தடவை. எண்ணிக்கை பார்க்கிற உத்தியோகமில்லையா, தானாக எண்ணிவிடுகிறேன்.

உங்கள்,
சோடாப்புட்டி


2 ஏப்ரல் 1996

அன்புள்ள சோடாப்புட்டிக்கு,

ஒரே கூட்டம். உட்கார்ந்து எழுத நேரமில்லை. கரடிகள் வந்துவிட்டன. கண்ணைச் சரிசெய்து சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள் போல. எதிர்க்கடையில் விளக்கு மட்டும்தான், கூட்டமெல்லாம் நம் பக்கம். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
கடைக்காரன்


25 ஏப்ரல் 1996

மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு,

இன்று பழைய தாள்களை அடுக்கும்போது ஒரு ஃபேக்ஸ் கிடைத்தது. "பரிசோதகரின் ஒப்புதல் தேவையில்லை. உடனே கப்பலில் ஏற்றவும்." கீழே உங்கள் கையெழுத்து. வால் சுழித்த அந்தக் கையெழுத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

மேற்பார்வையாளர் அம்மாளிடம் கொண்டுபோனேன். அவருக்கே சங்கடமாகிவிட்டது. "உனக்குத் தெரியும்னுதான் நெனச்சேன். உன் புருஷன்தானே" என்றார்.

நான் சரக்கு வேண்டாம் என்றதுமே இவர்கள் உங்களுக்கு ஃபேக்ஸ் அனுப்பிக் கேட்டிருக்கிறார்கள். பிப்ரவரியிலிருந்து இங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நான் ஒரு பொம்மையைத் தள்ளிவைத்தால் தலையை ஆட்டிவிட்டு மறுபடி அதே வரிசையில் வைப்பார்கள். ஏன் என்று இத்தனை நாள் விளங்கவில்லை. இரண்டு மாதமாக, சொன்னதை யாரும் கேட்க வேண்டியதில்லாத ஓர் ஆளாக இந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும். ஏதாவது ஒரு கண் கழன்றதா?

இப்படிக்கு,
சரக்குப் பரிசோதகர்


19 மே 1996

அன்புள்ளவளுக்கு,

கழன்றது.

உன் கடிதம் வருவதற்கு மூன்று வாரம் முன்பே நடந்துவிட்டது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

ஒரு பெண் வந்தார். பஸ் நடத்துநர், வேலை முடிந்து காக்கிச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார். கல்லாவுக்கு எதிரே நின்று பையிலிருந்து கரடியை எடுத்து வைத்தார். ஒரு கண்தான் இருந்தது.

"இன்னொண்ணு என் பொண்ணு தொண்டையில இருந்துச்சு. டாக்டர் எடுத்துட்டாரு. மூணு வயசு. மூஞ்சி நீலமாயிடுச்சு" என்றார்.

நான் கல்லாவை மூடிவிட்டு எழுந்தேன்.

"சண்டை போட வரலைங்க. இன்னும் நிறைய வெச்சிருக்கீங்களே, அதை விக்காதீங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடையில் அத்தனை பேர் நின்றிருந்தார்கள். நான் அன்றே கரடிகளை எடுத்து உள்ளே போட்டேன். பேப்பரில் விளம்பரம் கொடுத்து, வாசலிலும் எழுதி ஒட்டினேன். ஆயிரத்துச் சொச்சம் விற்றுப்போயிருந்தது. பாதிதான் திரும்பி வந்திருக்கிறது. மீதி எந்தெந்த வீட்டில் எந்தெந்தப் பிள்ளையின் பக்கத்தில் கிடக்கிறதோ. சாலையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கடையைவிட்டு வெளியே ஓடி வந்து நிற்கிறேன்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்தார். "அதைத் திருப்பிக் குடுத்துடுங்க. அது இல்லாம அவ தூங்க மாட்டேங்கிறா" என்றார். நான் உன் தையல் பெட்டியை எடுத்துவந்து, இருந்த கண்ணையும் பிடுங்கிவிட்டு, கறுப்பு நூலால் இரண்டு கண் தைத்தேன். ஒரு கண் பெரிசு, ஒரு கண் சின்னது. திருடனைப்போல முழிக்கிறது. அவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

இப்போது மற்றவற்றுக்கும் தைத்துக்கொண்டிருக்கிறேன். அலமாரி காலி. எதிர்க்கடைக்காரர்கள் ஜெயித்துவிட்டார்கள், ஜெயிக்கட்டும். இனி அங்கிருந்து சரக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

நீ சரியாகத்தான் பார்த்தாய். நான்தான் உன்னைத் தாண்டிப் போனேன். கிளம்பி வந்துவிடு.


6 ஜூன் 1996

அன்புள்ளவருக்கு,

அந்தக் குழந்தை பிழைத்ததற்கு யாரைக் கும்பிடுவது என்று தெரியவில்லை.

கறுப்பு நூலை ஒற்றையாகப் போடாதீர்கள். நாலு இழையாக எடுத்து மெழுகில் இழுங்கள். ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்குத் தலைக்குள்ளேயே ஊசியை ஓட்டி, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போடுங்கள். தைக்கும் முன் சாக்கட்டியால் இரண்டு புள்ளி வைத்துக்கொண்டால் ஒரே அளவாக வரும். எவ்வளவு இழுத்தாலும் வராது.

நான் வரவில்லை.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபமெல்லாம் ஆறிவிட்டது. போன டிசம்பரில் வந்தேனே, அந்தப் பதினைந்து நாளும் கூடத்தில் பெட்டிகளுக்கு நடுவில் பாய் விரித்துத்தான் படுத்தேன். காலையில் நீங்கள் என்னைத் தாண்டித்தான் கடைக்குப் போவீர்கள். ஒரு நாளாவது கட்டிலிலிருந்து குதிரைகளை இறக்கிவைப்பீர்கள் என்று பார்த்தேன். திரும்பிப் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டிருப்பேன். விமான நிலையத்தில்கூட, ரயில் பொம்மைக்கு மறக்காமல் உதிரிச் சக்கரம் கேட்டு வாங்கு என்றுதான் சொன்னீர்கள்.

இப்போது கடைக்குப் பரிசோதகர் தேவைப்படவில்லை, அதனால் வீட்டுக்கு மனைவி வரலாம் என்கிறீர்களா?

இங்கே தொழிற்சாலைக்காரர்களே சோதனை அறையில் எனக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். தகடு இல்லாமல் எந்தக் கண்ணும் இனி வெளியே போகாது, எந்த ஊருக்கும். அது ஒன்றாவது நான் செய்ததாக இருக்கட்டும்.

மருந்தை வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.


1 ஜூலை 1996

அன்புள்ளவளுக்கு,

நீ எழுதியதை வரி வரியாகப் படித்தேன். எல்லாம் உண்மை. இன்னொன்றும் உண்மை: நீ கூடத்தில் படுத்திருந்தது எனக்குக் கண்ணில் படவே இல்லை. பார்த்துவிட்டு விட்டிருந்தால்கூட மன்னிக்கலாம்.

கடையைத் தங்கை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டேன். பாஸ்போர்ட் வந்துவிட்டது. போட்டோவில் போலீஸ் தேடும் ஆள்போல இருக்கிறேன். ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதிக்கு ஒரு விமானம் இருக்கிறது. இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை.

எவ்வளவோ முடிவுகளை உன்னைக் கேட்காமலே எடுத்திருக்கிறேன். இதைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

நான் வரட்டுமா?


20 ஜூலை 1996

அன்புள்ளவருக்கு,

நானும் உங்களிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் இங்கே வந்து சேர்ந்த அன்று, "தொழிற்சாலைத் தரகர் காரோடு வந்திருந்தார், சௌகரியமாக வந்து சேர்ந்தேன்" என்று எழுதினேன் அல்லவா? தரகர் வரவில்லை. பஸ்ஸில் ஏறி, தப்பான இடத்தில் இறங்கிவிட்டேன். நல்ல மழை. பெட்டியைத் தரையில் வைத்தால் நனையும் என்று மடியில் வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் நிழற்குடையில் உட்கார்ந்திருந்தேன். முகவரிச் சீட்டை யாரிடம் நீட்டினாலும் கையை விரித்தார்கள். தெரு பெருக்குகிற ஒரு பெண்தான் கடைசியில் கையைப் பிடித்து அழைத்துவந்து விட்டாள். உங்களுக்குக் கவலையாக இருக்குமே என்று எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

விமான நிலையத்துக்கு நான் வரமாட்டேன். பன்னிரண்டாம் தேதி வேலை நாள். லீவு கேட்டால் கொடுப்பார்கள், ஆனாலும் கேட்கப்போவதில்லை. அந்த வழியில் நீங்கள் ஒருமுறை தனியாக வர வேண்டும். ஆனால் தப்பான இடத்தில் இறங்க வேண்டாம். நாற்பத்தொன்றாம் எண் பஸ். பாலம் தாண்டி மூன்றாவது நிறுத்தம், மஞ்சள் தண்ணீர்த் தொட்டி தெரியும். இறங்கி வலதுபக்கச் சந்து. பூட்டு பழுதுபார்க்கும் கடைக்கு மேலே மூன்றாவது மாடி.

சாவியைப் பூட்டுக்காரரிடம் கொடுத்துவைக்கிறேன். என் வீட்டுக்காரர் வருவார் என்று இன்றே சொன்னேன். அவர் நம்பவில்லை. என்னைத் தேடி இதுவரை ஒருத்தரும் வந்ததில்லையே, பாவம், அவர்தான் எப்படி நம்புவார்? எதற்கும் இந்தக் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள்.

சோறு மூடி வைத்திருப்பேன், பசித்தால் சாப்பிடுங்கள். எத்தனை நாள் இருக்கப்போகிறீர்கள் என்பதையெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். எனக்கு ஆறு மணிக்கு வேலை முடியும், ஆறரைக்கு வந்துவிடுவேன்.

அதுவரை தூங்கிவிடாதீர்கள்.