பாண் வாங்கினால் நோயாளி

பெப். 2, திங்கள்

காலையில் பனி. ஏரிக்கரைச் சேற்றில் ஒரு செருப்புப் போனது. வெள்ளி விடிய மதகு திறக்கிறார்கள். என் ஆய்வுக்கு அந்த ஒரு நாள்தான் முக்கியம். அதற்காகத்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்த உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்தில் கிடக்கிறேன். அம்மாவின் நிபந்தனை: சின்னக் காய்ச்சல் என்றாலும் அடுத்த பிளேனில் திரும்ப வேண்டும்.

இரவுக்குத் தினமும் இட்லி. நல்ல இட்லிதான், அதற்காக ஒரு மாதமா? பேக்கரியில் பாண் வாங்கினேன். இங்கே பிரெட். கேக் மாதிரி இனிப்பு. கடைக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, யாரை எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று கேட்டார். விளங்கவில்லை.

வீட்டுக்கார வனிதா அக்காவுக்கு விளங்கிவிட்டது. பாக்கெட்டைப் பார்த்ததும் என் நெற்றியில் கை வைத்தார். பாணுக்குத் தொட்டுக்கொள்ளச் சம்பல் இடிக்க எடுத்த தேங்காயும் செத்தல் மிளகாயும் பறிபோயின. கஞ்சி வந்தது.

பெப். 3, செவ்வாய்

இங்கே பாண் நோயாளிக்கு மட்டுமாம். அல்லது நோயாளியைப் பார்க்கப் போகிறவர் கையில். சுகமாய் இருக்கிறவர்கள் தொடுவதில்லை.

தெருப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். இதுவரை சேர்ந்தவை: சாத்துக்குடி, இளநீர், திருநீறு, இன்னும் இரண்டு பாக்கெட் பாண்.

அக்காவிடம் விளக்கினேன். எங்கள் ஊரில் காலையும் இரவும் பாண்தான், பருப்பும் சம்பலும் வைத்துத் தெருவே சாப்பிடும் என்று. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அய்ய, பாவமே. தெருவுக்கே ஒடம்பு முடியலியா?"

விசர் பிடிக்கிறது.

பெப். 4, புதன்

டீக்கடையில் வெறுந்தேத்தண்ணி. பாலில்லாமல் என்றுதான் கேட்டேன். வயிற்றுப்போக்கா என்று உரக்க விசாரித்து, எலுமிச்சை பிழிந்து தந்தார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

நான் வருமுன் செய்தி வீட்டுக்கு வந்திருந்தது. அம்மாவிடம் தானே பேசப்போவதாக அக்கா. நாளைக்குத் தேறாவிட்டால் கட்டாயமாம். ஐயோ, கரைச்சல்.

பெப். 5, வியாழன்

உண்மையாகவே காய்ச்சல். இத்தனை பேர் சேர்ந்து நினைத்தால் வராமல் என்ன செய்யும்?

மாத்திரை போட்டாயிற்று. அடுப்பில் கருவாட்டுக் குழம்பு. வாய் அதற்குத்தான் அலைகிறது. எனக்கு வந்தது: பாலில் ஊறிய பாண், மேலே சீனி. தின்றேன். அழுகை வந்தது, ஆத்திரத்தில்தான்.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன். குரல் ஒரு மாதிரி இருக்கிறதே என்றார். தான் சொல்வதாக அக்கா கை நீட்டினார். போனைக் கொடுக்கவில்லை.

"என்ன பிள்ளை சாப்பிட்டனி?"

"பாண், அம்மா."

பெருமூச்சு. பிறகு அக்காவுக்கும் கேட்கும்படி சிரிப்பு. "அப்ப சுகமாத்தான் இருக்கிறாய். நான் சும்மா பயந்துபோனன்." வைத்துவிட்டார்.

அக்கா என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா மாரி தாயி அது? பொண்ணு பிரெட் துன்னுக்கினு கீது, அது சிரிக்குது."

காய்ச்சல் விடவில்லை. விடிந்தால் மதகு.