முற்றம் நிறையப் பிறை

786
திருவிதாங்கோடு,
21-6-1955

பாசமுள்ள காக்காவுக்குத் தங்கை சுலைகா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகம், நான் சுகம். வாப்பாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது. நேற்றுக் காலை வாப்பா உங்களை மதரஸா விடுதியிலிருந்து ஒரேயடியாகக் கூட்டி வரப் புறப்பட்டார்கள். பயப்படாதீர்கள், வரவில்லை. ஏன் என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பெருநாள் லீவு முடிந்து போகும்போது நீங்கள் ஒரு நோட்டை மறந்துவிட்டீர்கள். உம்மாவின் தம்பி மாகீன் மாமா அதைப் பள்ளிக்கூட நோட்டு மாதிரி இடப்பக்கமிருந்து புரட்டினார்கள். கணக்கு, சயின்சு, பூகோளம். ஓர் அரபு எழுத்துகூட இல்லை. "மச்சான், உம்ம மவன் ஆலிமாயிட்டு வருவானா, தாசில்தாராயிட்டு வருவானா?" என்று சிரித்தார்கள். வாப்பா சிரிக்கவில்லை. ஓத அனுப்பிய பிள்ளைக்கு அங்கே ஓதல் இல்லை என்றே நம்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டைப் பையில் வைக்கச் சொல்லி என்னிடம் தந்தார்கள். நான் நாலாம் கிளாசோடு நின்றவள். ஓதுகிற அரபுக் கிதாபைத் திறக்கிற பழக்கத்தில் வலப்பக்கமிருந்து திறந்துவிட்டேன். காக்கா, முதல் வரியில் பிஸ்மி! ஏடு ஏடாகப் போனேன், எல்லாம் அரபுப் பாடம். நடு ஏட்டில் இரண்டு பாடமும் நேருக்கு நேர் வந்து நின்றன. வலப்பக்கம் கிரகணத் தொழுகை. இடப்பக்கம் சூரியன், நிலா, பூமி, மூன்றும் ஒரே கோட்டில். பிறை தேய்ந்து மறையும் நாளில்தான் சூரிய கிரகணம் வரும் என்று கீழே எழுதியிருந்தீர்கள்.

உம்மாவிடம் சொன்னேன். "ஏட்டி, எனக்கு வட்டமும் தெரியாது கோடும் தெரியாது. நீயே வாப்பாகிட்ட சொல்லு" என்றார்கள். எனக்கா நாக்கு எழும்பும்?

நேற்றுக் காலை ஏழு மணி தாண்டியிருக்கும். மழை விட்டு வெயில் வந்திருந்தது. வாப்பா பையோடு முற்றத்தில் இறங்கும்போது அந்த வெயில் மங்கியது. காக்கைகள் கூட்டுக்குத் திரும்பின. முருங்கையிலை வழியாகத் தரையில் வட்ட வட்டமாக வெளிச்சம் விழுமே, அவ்வளவும் பிறையாகியிருந்தது! கிணற்றடியில் பிறை, அம்மியில் பிறை, வாப்பாவின் வெள்ளைச் சட்டையில் பிறை. வானத்தில் பிறையே இல்லாத மாதக் கடைசியில், எண்ண முடியாத பிறைகள். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. சுப்ஹானல்லாஹ் என்றுதான் வந்தது.

"இதென்ன புதுமை மோளே?" என்றார்கள் வாப்பா. பையிலிருந்து நோட்டை எடுத்து நடு ஏட்டை விரித்தேன். "நிலா மறைக்குது வாப்பா. ஏன்னு இந்தப் பக்கம் இருக்கு. நாம என்ன செய்யணும்னு அந்தப் பக்கம் இருக்கு." சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம். வாப்பா அரபை விரல் வைத்து வாசித்தார்கள். பிறகு அந்த மூன்று வட்டங்களையும் வெகுநேரம் பார்த்தார்கள். பையை இறக்கி வைத்துவிட்டு, கைகால் முகம் கழுவி ஒளு செய்து பள்ளிவாசலுக்குப் போனார்கள். உம்மாவும் நானும் வீட்டில் தொழுதோம். ஓட்டு இடுக்கு வழியாகப் பாயிலும் ஒரு பிறை விழுந்து கிடந்தது. அதன்மேல்தான் நெற்றியை வைத்தேன்.

பஸ் போய்விட்டதே என்று மாமா கேட்டதற்கு, "போட்டும். நோட்ட எந்தப் பக்கம் தொறக்கணும்னு நமக்கில்லா தெரியாம போச்சு" என்றார்கள் வாப்பா. இனி நீங்கள் இரண்டையும் அங்கேயே படிக்கலாம்.

நோட்டைத் தபாலில் அனுப்பச் சொன்னார்கள், அனுப்புகிறேன். உங்கள் உஸ்தாதிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்தப் பாடங்களை மாதம் ஒரு கடிதத்தில் எழுதி அனுப்ப அவர்கள் சம்மதிப்பார்களா? யாருக்கென்று கேட்டால், வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

அல்லாஹ் உங்கள் கல்வியில் பரக்கத் தருவானாக.

துஆவுடன்,
சுலைகா