பதினோரு மாஸ்க், பத்துப் பேர்

அம்மா,

மார்ச் 14, மாலை 4.10. காலையில் கடலில் இறங்கியவர்கள் பதினோரு பேர், கரையேறியவர்களும் பதினோரு பேர். இதைப் படித்துவிட்டு மூச்சு விடு. உன் முட்டிவலி எப்படி? அப்பா மாத்திரை போடுகிறாரா?

விடுதிக்கு வருகிறவர்கள் எத்தனை மணிக்கு நீந்திப் போய்ப் பவளப்பாறை பார்க்கலாம் என்று நீர்மட்டம் கணித்துச் சொல்வது என் வேலை. இன்ஜினியரிங் படித்தது இதற்குத்தான் என்று வைத்துக்கொள். எட்டுக்கு இறங்கி ஒன்பதரைக்குள் ஏற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்று மேனேஜர் ஒன்பதரைக்குத்தான் இறக்கினார். அதற்குள் தண்ணீர் வெளியே இழுக்க ஆரம்பித்துவிட்டது.

அவர்கள் கரையேறியதும் மேனேஜர், கழற்றிப் போடும் தொட்டியில் கிடந்த நீச்சல் மாஸ்க்குகளை எண்ணினார். "பதினொண்ணு இருக்குப்பா, எல்லாரும் வந்தாச்சு."

"ஆளை எண்ணுங்க சார். பத்துதான் நிக்குது."

ஒரு பெண் விடுதி மாஸ்க்கைத் தொட்டியில் போட்டுவிட்டுத் தன்னுடையதை மாட்டிக்கொண்டு போயிருந்தாள். பாறை விளிம்பைப் பிடித்துத் தொங்கியவளை நான்தான் இழுத்து வந்தேன். எனக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

நேரத்தைத் தப்பாகச் சொன்னது நான் என்று மத்தியானமே ஒரு தாள் தயாராகிவிட்டது. "கையெழுத்து போடு தம்பி. தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டியே, தந்துடறேன்" என்கிறார் மேனேஜர்.

என் பழைய போர்வையை அனுப்பு. புதிது வேண்டாம்.

இனி நான் செய்யப்போவது:

1. கையெழுத்து போடமாட்டேன்.
2. நாளைய நேரத்தைப் பலகையில் பெயின்ட்டால் எழுதுவேன்.
3. தங்கச்சியிடம் நானே சொல்வேன், நீ முந்திக்கொள்ளாதே.
4. கல்யாணத்தன்று காலை இதே கரையில் நின்று ஆட்களை எண்ணிக்கொண்டிருப்பேன்.