பேயின் இடதுகால்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் சுகம். படம் ஐம்பது நாளைத் தாண்டிவிட்டது. மாடிப்படிக் காட்சியில் இன்னும் தியேட்டரே அலறுகிறது. பேய் திரையில் வரவே இல்லை. ஒலிக்கூடத்தில் நீ மரப்பலகை மேல் நடந்து கொடுத்தாயே, ஒரு ‘டக்’, பிறகு ஒரு இழுப்பு, அதற்குத்தான் இத்தனை அலறல்.

பத்தொன்பதாம் தேதி வெற்றி விழா. அந்த நொண்டி நடை என் யோசனை என்று பேட்டிகளில் சொல்லிவிட்டேன். நீ மேடை ஏறினால் உன் நடையே காட்டிக்கொடுத்துவிடும். உன் கேடயத்தை நானே வாங்கி வருகிறேன். தப்பாக நினைக்காதே.

அன்புடன்,
தம்பி

மார்ச் 7

டைரக்டர் தம்பிக்கு,

உன் யோசனையா? ஒலிக்கூடக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று நீ கத்தியது மறந்துவிட்டதா? “பேய் நொண்டுதுக்கா! காலை ஒழுங்கா வை!” பதினொரு தடவை நடந்தேன். ஒழுங்காக வைக்கத்தான் பார்த்தேன், என் இடதுகால் கேட்கவில்லை. மறுநாள் எனக்குப் பதிலாக நடக்க நீ வரச்சொன்ன ஆள் வரவில்லை. வேறு வழியில்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு என் சத்தத்தையே வைத்தாய்.

பழைய தோல்பையை முறுக்கிக் கதவைக் கிறீச்சிட வைத்தேன், ஈரத்துணியில் சுற்றிய முருங்கைக்காயை முறித்துக் கழுத்து ஒடியும் சத்தம் கொடுத்தேன். அதையெல்லாம் நீயே வைத்துக்கொள். காலைத் தரமாட்டேன்.

பள்ளிக்கூடம் போகும்போது, என்கூட நடந்தால் உன்னைக் கேலி செய்வார்கள் என்று பத்தடி முன்னால் நடப்பாய். சின்னப் பையன் என்று விட்டேன். இப்போது தாடியே நரைத்துவிட்டது உனக்கு. கோபமாகத்தான் எழுதுகிறேன்.

அக்கா

மார்ச் 11

அக்கா,

என் மானத்தை வாங்காதே. தயாரிப்பாளர் என் மூளையை நம்பித்தான் இரண்டாம் பாகம் கொடுத்திருக்கிறார். அதற்கும் நீதான் நடக்கவேண்டும். விழாவுக்கு வரத்தான் வேண்டுமென்றால், கூட்டம் சேருவதற்கு முன்பே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துகொள். தயவுசெய்து எழுந்திருக்காதே.

தம்பி

மார்ச் 14

தம்பி,

‘எழுந்திருக்காதே.’ இந்த வார்த்தையை எழுத உனக்குக் கை வந்ததே!

நேற்று விழா மண்டபத்துக்குப் போய்ப் பார்த்தேன். மேடைக்கு ஏழு மரப்படி. அடியில் வெற்றிடம், தட்டினால் கணீரென்று கேட்கிறது. மைக்காரர் நம் ஒலிக்கூடத்து ஆள்தான். படியோரம் தரையோடு ஒரு மைக் வைக்கச் சொல்லியிருக்கிறேன். நான் எழுந்ததும் பாட்டை நிறுத்திவிடுவார்.

பேரைக் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் ஏறுவேன். பலகை மேல் போட்டு நடந்த அதே செருப்போடு. மூன்றாவது படிக்குள் ஜனத்துக்குப் புரிந்துவிடும். அதற்கு முன்னால் நீயே உண்மையைச் சொன்னால், இறங்கி வந்து என் பக்கத்தில் நட. பத்தடி முன்னால் வேண்டாம்.

சொல்லமாட்டாய் என்றால், இரண்டாம் பாகத்துக்கு வேறு கால் தேடிக்கொள்.

இப்படிக்கு,
பேய்